பேய் வருவதற்கு முன்

‘யாவரும் நலம்’ படத்தில் பேய் தன் வேலையை எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? யாருடைய கழுத்தையும் நெரிக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கவும் இல்லை. மின்தூக்கியை ஓடவிடாமல் செய்கிறது.

மாதவன் நடித்த மனோகர், புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடும்பத்தோடு குடிவருகிறார். வீடு பதின்மூன்றாவது மாடியில். வேறு யாராவது உடன் இருந்தால் மின்தூக்கி ஒழுங்காக மேலே போகிறது. அவர் தனியாக ஏறினால் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. வீட்டில் பால் கெட்டுப்போகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் நாய் வாசலைத் தாண்டி உள்ளே வர மறுக்கிறது. கைப்பேசியில் எடுத்த படத்தில் முகம் கோணலாக விழுகிறது. இவற்றில் எதையும் போலிசாரிடம் போய்ப் புகார் செய்ய முடியாது. அம்மாவிடம் சொன்னால்கூட, “பால் பழசா இருந்திருக்கும்” என்றுதான் பதில் வரும்.

விக்ரம் குமார் இயக்கிய அந்தப் படம் 2009ல் வெளிவந்தபோது நான் சின்னக் குழந்தை. உயர்நிலை மூன்றில் படிக்கும்போதுதான் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பி மின்தூக்கிக்குள் நுழைந்தபோது, கதவு மூடுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்ததுபோல் இருந்தது. உண்மையில் எடுத்திருக்காது.

சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக வீடுகளில் வாழ்கிறோம். ஊருக்கு வெளியே இருக்கும் பாழடைந்த பங்களாவில் பேய் இருந்தால் நமக்கென்ன கவலை? அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் முடிந்தது. ஆனால் மின்தூக்கியில் ஏறாமல் பதின்மூன்று மாடி ஏற முடியுமா? பேயை நாம் தினமும் தொடும் பொருளுக்குள் வைத்துவிட்டதுதான் அந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம்.

ஒரு நல்ல திகில் படம் எதனால் நம்மை நடுங்கவைக்கிறது என்ற கேள்வியோடு நான் சில மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்ததே அதற்குக் காரணம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்காக நான் திரும்பத் திரும்பப் பார்த்த படங்களில் கவனித்தவை முதலில்.

திடுக்கிடுவது வேறு, திகில் வேறு

திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் கண் தானாக இமைக்கும், தோள் உயரும், கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இது உடம்பின் அனிச்சைச் செயல். ‘இது என்ன?’ என்று மூளை யோசிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். பிறந்தநாள் விழாவில் பலூன் வெடித்தாலும் இதேதான் நடக்கும். எனவே ஒரு படம் நம்மைத் துள்ளவைத்தது என்பதற்காக அது நல்ல திகில் படம் ஆகிவிடாது. பலூன் வெடிக்கத் திறமை எதுவும் வேண்டாம், ஊசி போதும்.

அதே தந்திரத்தை ஒரே படத்தில் பத்து முறை செய்தால் உடம்பு பழகிவிடும். பத்தாவது முறை நாம் பாப்கார்ன் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருப்போம். ஆனால் ஏற்கெனவே பயந்துபோய் உட்கார்ந்திருப்பவரிடம் அதே சத்தம் கூடுதலாக வேலை செய்யும். இருட்டில் இருப்பவரிடமும் அப்படித்தான். இது உளவியல் ஆய்வுக்கூடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அப்படியென்றால் இயக்குநரின் உண்மையான உழைப்பு அந்தச் சத்தத்தில் இல்லை, அதற்கு முந்திய நிமிடங்களில் இருக்கிறது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை ஒரு வெடிகுண்டை வைத்து விளக்கியிருக்கிறார். திரைப்படம் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் உதாரணம் அது. மேசையில் இருவர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால், பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்தால், பதினைந்து நிமிடம் நாற்காலியின் நுனியில் இருப்போம்.

‘யாவரும் நலம்’ படத்தில் அந்தக் குண்டு ஒரு தொலைக்காட்சித் தொடர். வீட்டுப் பெண்கள் மதியம் ஒரு மணிக்கு ஒரு தொடர் பார்க்கிறார்கள். தொடரின் பெயரும் ‘யாவரும் நலம்’தான். அதில் வரும் குடும்பத்துக்கு நடப்பது தன் குடும்பத்துக்கும் நடக்கிறது என்பதை மனோகர் கண்டுபிடிக்கிறார். அந்த நொடியிலிருந்து பார்க்கும் நமக்கு வேலை வந்துவிடுகிறது. தொடரில் ஒருவர் படியில் கால் வைத்தால், ‘ஐயோ, நம் வீட்டுப் படி!’ என்று பதறுகிறோம். ஒவ்வொரு நாளும் முக்கியமான கட்டத்தில் தொடர் நின்றுபோகும். மீதியை நாளைக்குத்தான் பார்க்க முடியும். பாட்டியோடு உட்கார்ந்து தொடர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேதனையைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் தினமும் நடக்கும் ஒரு பழக்கத்தையே எடுத்து, அதையே பயமாக மாற்றிவிட்டார் இயக்குநர்.

ஜப்பானிய இயக்குநர் ஹிடியோ நகாடாவின் ‘ரிங்’ படமும் இதே வழியில்தான் போகிறது. 1998ல் வந்தது. ஒரு காணொளி நாடாவைப் பார்த்தவர்கள் ஏழே நாளில் இறந்துபோவார்கள். விதி அவ்வளவு எளிமையானது. படம் நெடுக நாளும் கிழமையும் திரையில் எழுத்தாக வந்துகொண்டே இருக்கும். பேயே வேண்டாம், அந்தத் தேதியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. தேர்வு அட்டவணையைப் பார்க்கும்போது வருமே, அதே உணர்வுதான்.

காதுதான் முதலில் பயப்படுகிறது

1942ல் வந்த ‘கேட் பீப்பிள்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. செலவைக் குறைத்து எடுத்த படம். தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர். இரவு நேரம், ஒரு பெண் பூங்காவின் மதிற்சுவரை ஒட்டித் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண் தொடர்கிறாள். இரண்டு பேருடைய குதிகால் சத்தமும் மாறி மாறிக் கேட்கிறது. பின்னணி இசை இல்லை. பிறகு ஒரு ஜோடிக் காலடியின் சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது.

அவ்வளவுதான் காட்சி. சத்தம் வந்ததால் நாம் பயப்படவில்லை, நின்றதால் பயப்படுகிறோம். தொடர்ந்து வந்தவள் எங்கே? அவள் வேறு எதுவாகவாவது மாறிவிட்டாளா? முன்னால் போகும் பெண் வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள். யாரும் இல்லை. அப்போது ஒரு பெரும் சீற்றம்! வந்து நிற்பது பேருந்து. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றுகூடத் திரைத்துறையில் இந்த மாதிரிப் பொய்யான அதிர்ச்சியை ‘லூட்டன் பஸ்’ என்றே சொல்கிறார்கள். இன்றைய படங்கள் அந்தப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்திய நடையை விட்டுவிட்டன என்பது என் வருத்தம்.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘த ஷைனிங்’ படத்தில் (1980) ஒரு சின்னப் பையன் ஆளில்லாத பெரிய ஹோட்டலின் தாழ்வாரங்களில் மூன்று சக்கர சைக்கிளை ஓட்டுவான். கேமரா அவன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாகவே போகும். மரத்தரையில் சக்கரம் கடகடவென்று உருளும். கம்பளத்தின்மேல் ஏறியதும் சத்தம் அடங்கிவிடும். மீண்டும் மரத்தரை, மீண்டும் கம்பளம். திரையில் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை சத்தம் அடங்கும்போதும், ‘இந்தத் திருப்பத்தில்தான் ஏதோ இருக்கிறது’ என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். இதைக் காதணி ஒலிப்பானில் கேட்டுப் பாருங்கள். பகலிலேயே கேளுங்கள், பரவாயில்லை.

நம் வட்டாரத்துப் பேய் விஷயத்தில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. தொடக்கக் கல்லூரியில் என் மலாய்த் தோழி ஒருத்தி சொன்னாள்: பொந்தியானாக்கின் அழுகை பலமாகக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாளாம். மெதுவாகக் கேட்டால்தான் பக்கத்தில் இருக்கிறாளாம். இதைச் சொன்னவர்கள் யாரோ, அவர்கள் எந்தத் திரைப்படக் கல்லூரிக்கும் போகாத மேதைகள். சத்தம் குறைந்தால் ஆபத்து விலகியது என்பதுதானே நம் பழக்கம். அதை அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். இனி அமைதியாக இருந்தாலும் நிம்மதி கிடையாது.

பொந்தியானாக் திரைக்கு வந்ததும் இந்த ஊரில்தான். கேத்தே கிரிஸ் நிறுவனம் 1957ல் ‘பொந்தியானாக்’ படத்தை எடுத்தது. பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அக்காலத்து மலாய்ப் படங்கள் பலவற்றை இந்திய இயக்குநர்களே எடுத்திருக்கிறார்கள் என்பது என் வயதினர் பலருக்குத் தெரியாது.

காட்டாமல் விட்ட நிமிடங்கள்

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ 1979ல் வெளிவந்தது. விண்கப்பலில் ஏழு பேர், அவர்களுக்கு நடுவே ஒரு கொடிய உயிரினம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படம். வளர்ந்த நிலையில் அந்த உயிரினம் திரையில் தெரிவது மொத்தமாகச் சேர்த்தாலே சில நிமிடங்கள்தான். அந்த உடைக்குள் இருந்தவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்த போலாஜி படேஜோ என்ற மிக உயரமான நைஜீரிய இளைஞர். உடையுடன் அவரை முழுதாக, வெளிச்சத்தில் நிற்கவைத்துக் காட்டியிருந்தால் ‘உயரமான ஒருவர் ரப்பர் உடை போட்டிருக்கிறார்’ என்று நமக்குத் தெரிந்துபோயிருக்கும். அதனால் ஒரு கை, ஒரு வால், எச்சில் ஒழுகும் ஒரு வாய் என்று துண்டு துண்டாகவே காட்டினார்கள். மீதி உடம்பை நாம் தைத்துக்கொள்கிறோம். நாம் தைப்பது எப்போதும் அவர்கள் தைத்ததைவிடப் பயங்கரமாகவே இருக்கும்.

எனக்குப் பிடித்த இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். கப்பலில் வேலை செய்யும் பிரெட், காணாமல்போன பூனையைத் தேடி ஒரு பெரிய அறைக்குள் போகிறார். மேலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன, மெல்ல உரசிக்கொள்கின்றன. தண்ணீர் சொட்டுகிறது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தில் தண்ணீர் விழும்படி நிற்கிறார். படம் அவசரப்படவில்லை. ஒரு மனிதர் களைப்பில் முகத்தை நனைத்துக்கொள்வதைப் பொறுமையாகக் காட்டுகிறது. நமக்குத்தான் ‘போதும், வெளியே போங்கள்’ என்று கத்தத் தோன்றுகிறது.

இன்னொன்று, கப்பலின் தலைவர் டாலஸ் குறுகிய காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்துபோகும் காட்சி. வெளியே இருப்பவர்களிடம் அசைவைக் காட்டும் ஒரு கருவி இருக்கிறது. அதில் இரண்டு புள்ளிகள். ஒன்று அவர், இன்னொன்று அது. இரண்டாவது புள்ளி நெருங்குகிறது. ஒரு புள்ளி! அதில் பல் இல்லை, நகம் இல்லை. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வைக்கும் புள்ளியைப் பார்த்து யாராவது அலறியிருக்கிறோமா?

தமிழில் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) இந்தப் பாடத்தை நன்றாகப் படித்த படம். விஜய் சேதுபதி இருட்டான பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறார். கையில் ஒரு டார்ச் விளக்கு. அந்த வெளிச்ச வட்டத்துக்குள் வருவது மட்டுமே நமக்குத் தெரியும். வட்டத்துக்கு வெளியே இருக்கும் முக்கால்வாசித் திரையை நாமே பயத்தால் நிரப்பிக்கொள்கிறோம்.

சரி, பேயைக் காட்டவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ‘ரிங்’ படத்தில் சடகோ கடைசியில் முழுதாக வருகிறாள். அதுவும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து வீட்டுக் கூடத்துக்கே வருகிறாள். ஆனால் அதற்காக ஏறத்தாழ முழுப் படமும் நம்மைக் காக்கவைத்துவிட்டார்கள். வந்தபோதும் அவள் நடையில் ஏதோ பிசகு தெரியும், என்னவென்று சொல்ல முடியாது. நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். கணினி வரைகலை எதுவும் தேவைப்படவில்லை. முகத்தைக் கூந்தல் மூடியிருக்கிறது, ஒரு கண்ணைத்தான் காட்டுகிறார்கள். காட்டிய பிறகும் மறைத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிப் படங்களை எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “ஒன்னுமே நடக்கல, போர்” என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. இருட்டான காட்சி வரும்போது கைப்பேசித் திரையில் தெரிவது அவரவர் முகம்தான். பத்து விநாடி முன்னே தள்ளும் அந்தப் பொத்தான் வேறு இருக்கிறது. காத்திருப்பதே பயமாக இருக்கும் படத்தில் காத்திருக்கும் இடத்தைத் தாண்டிவிட்டால், மிஞ்சுவது கூந்தல் விரித்த ஒரு பெண் மட்டுமே.

அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த பயம்

உயர்தமிழ் படித்த நண்பர்களுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவிருக்கலாம். அச்சம் எதனால் பிறக்கும் என்று அதில் நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அணங்கு, விலங்கு, கள்வர், கடைசியாகத் தம் இறை, அதாவது அரசன். முதல் மூன்றும் சரி. நான்காவதைப் படித்தபோது நான் சிரித்தேன். பேய், புலி, திருடன் என்ற வரிசையில் அரசனுக்கு என்ன வேலை?

‘ஏலியன்’ படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது அந்த நான்காவது காரணம் புரிந்தது. அந்தக் கப்பலில் இருப்பவர்கள் வீரர்கள் அல்ல, சரக்கு ஏற்றிச் செல்லும் ஊழியர்கள். படத்தின் தொடக்கத்தில் அவர்கள் பேசுவது சம்பளத்தையும் போனஸையும் பற்றித்தான். பாதிக்கு மேல் ஒரு உண்மை வெளிவருகிறது. அந்த உயிரினத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நிறுவனத்தின் கட்டளை, அதற்காக ஊழியர்கள் செத்தாலும் பரவாயில்லை. விலங்கு குழாய்க்குள் இருக்கிறது. இறை எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. எது கூடுதல் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘ரிங்’ படத்தின் ரெய்கோ, கணவரைப் பிரிந்து வாழும் பத்திரிகையாளர். வேலை காரணமாகச் சின்ன மகனை அடிக்கடி வீட்டில் தனியாக விட்டுப் போகிறார். அந்த நாடாவைப் பார்த்துவிடுவது அந்த மகன்தான். நாடா வருவதற்கு முன்பே, ‘நான் இல்லாத நேரத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ என்ற பயம் அந்தத் தாய்க்கு இருந்திருக்கும். பேய் அந்தப் பயத்தின் முகவரி தெரிந்துகொண்டு வருகிறது. நெஞ்சில் நிற்கும் திகில் படங்களை யோசித்துப் பார்த்தால் பெரும்பாலானவை இப்படித்தான். பேயை எடுத்துவிட்டாலும் அந்த வீட்டில் ஒரு பயம் மிஞ்சும்.

நம் தமிழ்ப் பேய்ப்படங்கள் பல சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. முதல் பாதி நன்றாகப் போகும். இடைவேளைக்குப் பிறகு பேயின் முன்கதை வரும். அவளை யார் ஏமாற்றினார்கள், நிலத்தை யார் அபகரித்தார்கள் என்று அரை மணி நேரம் ஓடும், ஒரு பாட்டும் உண்டு. அது முடிந்ததும் நாம் பேயின் கட்சிக்கு மாறிவிடுவோம். பிறகு எங்கே பயம்? ‘காஞ்சனா’ வந்தால் நான் குடும்பத்தோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பார்ப்பேன், அதை மறைக்கவில்லை. அது பழி தீர்க்கும் கதை, நகைச்சுவை, ஆட்டம் எல்லாம் சேர்ந்த திருவிழா. அதைத் திகில் என்று சொல்லும்போதுதான் எனக்குச் சங்கடம். மிஷ்கின் மட்டும் ‘பிசாசு’ (2014) படத்தில் பேய்மேல் வரும் அந்த இரக்கத்தையே படத்தின் உயிராக்கிக் காட்டினார்.

இப்போது எங்கள் குறும்படத்துக்கு வருகிறேன். கதை சின்னது. இரவில் ஒரு பெண் வீட்டில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. செருப்பு அடுக்கில் மட்டும் ஒரு ஜோடி கூடியிருக்கிறது. மறுபடியும் சத்தம், மறுபடியும் ஒரு ஜோடி. வெள்ளைக்காரர் வீட்டில் இந்தக் கதை எடுபடாது. வாசலில் செருப்பைக் கழற்றும் ஊரில்தான் எடுபடும்.

நண்பன் ஒருவனின் பாட்டி தனியாக வசிக்கும் பழைய மூவறை வீட்டில் படம்பிடித்தோம். ஒலிப்பதிவு என் பொறுப்பு. அமைதியைக்கூடப் பதிவு செய்ய வேண்டும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். எல்லாரும் மூச்சுவிடாமல் நிற்க, ஆளில்லாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்வோம். குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம், எங்கோ ஒரு மாடியில் தண்ணீர் இறங்கும் சத்தம், தூரத்து விரைவுச்சாலை. படத்தில் ‘நிசப்தம்’ என்று நாம் கேட்பது இந்தக் கலவையைத்தான். இதையும் வெட்டிவிட்டால், பார்ப்பவர்கள் பயப்பட மாட்டார்கள், ஒலிபெருக்கி பழுது என்று நினைப்பார்கள். குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம் சட்டென்று நிற்கும் இடத்தில்தான் எங்கள் இரண்டாவது செருப்பு வருகிறது. ‘கேட் பீப்பிள்’ கொடுத்த கடன் அது.

கடைசிக் காட்சியில் பேயைக் காட்டுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் சண்டை. கேமரா பிடித்த நண்பன் காட்டியே ஆக வேண்டும் என்றான். “ஆறு நிமிஷம் காக்க வச்சிட்டு வெறும் செருப்பக் காட்டுனா அடிக்க வருவாங்க” என்பது அவன் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

படப்பிடிப்பின் முதல் நாள் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. பழையது, ஆனால் தூசி இல்லாமல் துடைத்துவைத்தது. எங்கள் காட்சிக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒருவன் அதை எடுத்து உள்ளே வைக்கப் போனான். பாட்டி சமையலறையிலிருந்து வேகமாக வந்தார்.

“அத எடுக்காதப்பா. தாத்தா செருப்பு.”

தாத்தா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் பேச்சில்லாமல் நின்றோம். பாசத்தால் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். பாட்டியே சிரித்துக்கொண்டு விளக்கினார். “பொம்பள தனியா இருக்கான்னு தெரியக்கூடாது பாரு. ஆம்பள செருப்பு கெடந்தா, வர்றவன் ஒரு தடவ யோசிப்பான்.” வாரத்துக்கு ஒரு முறை அதைத் துடைத்து வைப்பாராம். சில நாள் இடம் மாற்றியும் வைப்பாராம். ஒரே இடத்தில் கிடந்தால் யாரும் போட்டுக்கொள்வதில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். தொல்காப்பியர் சொன்ன கள்வர்!

அன்றைக்கு மாலை நாங்கள் திரைக்கதையின் கடைசிப் பக்கத்தை மாற்றினோம். அந்தப் பெண் செருப்புகளை எண்ணிப் பார்த்துப் பயப்படுவதோடு விடாமல், தன் அப்பாவின் பழைய செருப்பை எடுத்துவந்து வாசலில் போடுகிறாள். கதவைப் பூட்டுகிறாள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அந்தச் செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு நடக்கும் சத்தம், கதவுக்கு உள்ளே. பேய் வரவில்லை. விக் வாங்கிய காசு வீண்.

வகுப்பறை ஒன்றில் முப்பது பேருக்குத் திரையிட்டபோது நான் படத்தைப் பார்க்கவில்லை, பார்ப்பவர்களைப் பார்த்தேன். முதல் நிமிடத்தில் கைப்பேசி வெளிச்சம் ஏழெட்டு இடத்தில் இருந்தது. குளிர்பதனப் பெட்டி நின்றபோது ஒன்றிரண்டுதான். மூன்றாவது செருப்புச் சத்தத்தில் பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். பயம் தாங்காதபோதும் சிரிப்பு வரும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். படம் முடிந்ததும், “அவ்வளவுதானா? பேய் எங்க?” என்று இருவர் கேட்டார்கள். கேமரா பிடித்த நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு மாணவி மட்டும் தயங்கி வந்து, தானும் அம்மாவும் மட்டுமே வீட்டில் இருப்பதாகவும், கடைசிச் சத்தம் தனக்குப் பிடிக்கவே இல்லை என்றும் சொன்னாள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நன்றி என்று சொன்னேன்.

அடுத்த வாரம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழு நிமிடமும் அசையாமல் பார்த்தார். தாத்தாவின் செருப்பு வந்த இடத்தில் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடிந்ததும் பேரனைப் பார்த்துக் கேட்டார்: “ஏன்டா, ஹால் லைட்ட ஏன் அணைச்சீங்க? நான் ராத்திரில அத அணைக்கிறதே இல்லையே.”